அடி ஈரம்

முயல் நாறும் என்பார்கள். முயல் நாறாது. நாள் முழுக்கத் தன்னை நக்கி நக்கித் துடைத்துக்கொள்ளும் பிராணி அது. முன்னங்கால்களை நாக்கில் நனைத்துக் காதை இழுத்து வழித்துவிடும் அழகைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதைப் பற்றித் தப்பாகப் பேச மனம் வராது. நாறுவது அதன் கூண்டு. கூண்டிலும் கம்பியோ சட்டமோ நாறுவதில்லை, அடியில் விரித்திருக்கும் வைக்கோலும் கடலைத் தோலும் மரத்தூளும்தான். அந்த விரிப்பைக் கவனிப்பது வளர்க்கிறவர் பொறுப்பு. தீனி போடவும் தடவிக் கொடுக்கவும் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் வருவார்கள். விரிப்பை மாற்ற ஒருவரும் வர மாட்டார்கள்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸின் பின்கட்டில், பலாமரத்து நிழலில், எங்களிடம் ஒரு முயல் இருந்தது. சந்தையில் விற்கும் சிவப்புக் கண் வெள்ளை முயல் இல்லை. சோவியத் சின்சில்லா என்ற இனம். நீலகிரியில் வேலை பார்த்த பெரியப்பா ஒரு தடவை ஊருக்கு வந்தபோது பழக்கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்திலும், கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரிலும் இந்த இனத்தை வளர்க்கிறார்கள். மலைக்குளிர் அதற்கு ஒத்துப்போகும். எங்கள் ஊர் வெயில் அப்படியல்ல.

நல்ல சாம்பல் நிறம். முதுகு மயிரில் வாய் வைத்து மெதுவாக ஊதினால் மயிர் பிரிந்து வட்டம் வட்டமாக நிறம் தெரியும். தோலை ஒட்டி நீலம் கலந்த கருஞ்சாம்பல், அதற்கு மேல் முத்து வெள்ளை, நுனியில் கறுப்பு. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வாழும் சின்சில்லா என்ற சிறு பிராணியின் ரோமம் இப்படித்தான் இருக்குமாம். அதனால்தான் முயலுக்கும் அந்தப் பெயர். 1913இல் பிரான்சில் காட்சிக்கு வந்த சின்சில்லா முயலை ரஷ்யர்கள் பெரிய உடம்புக்காரனாக வளர்த்தெடுத்தார்கள். எங்களுடையதும் நாலு கிலோவுக்கு மேல் போனது. ஊரின் முதல் அனல்மின் நிலையம் 1962இல் சோவியத் உதவியோடு மின்சாரம் எடுக்கத் தொடங்கியது. அதனால் எங்கள் சிறுவயதிலும் ரஷ்யப் பெயர்கள் பெரியவர்கள் பேச்சில் சாதாரணமாக வந்துபோயின. மாஸ்கோ ஒலிம்பிக் கரடிக்குட்டியின் பெயரை அக்கா எடுத்து இதற்கு வைத்தாள். மிஷா.

அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். "வாடை வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா அது வெளிய போயிடும். யாரும் அழுதுட்டு நிக்கக் கூடாது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நெய்வேலியில் ஒரு வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பது லேசான காரியமில்லை. சுரங்கத்திலிருந்து கரித்தூள் வரும், தெர்மல் பக்கமிருந்து காற்றடித்தால் சாம்பல் வரும், எதுவும் வராத நாளில் செம்மண் புழுதி வரும். கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையை உதறாமல் மடித்தால் மடிப்புக்குள் கோடு விழுந்துவிடும். ஜன்னல் கம்பியை விரலால் தடவிப் பார்ப்பது எங்கள் ஊர்ப் பெண்களின் கைப்பழக்கம். இப்படி வெளியிலிருந்து வருவதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவளிடம், வீட்டுக்குள்ளேயே ஒன்று அழுக்குப் பண்ணும் என்றால் அவள் வேறென்ன சொல்வாள்?

கூண்டைச் செய்தது அப்பா. அவர் சுரங்கத்தில் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தார். வெளியூர்க்காரர்களுக்கு நெய்வேலி என்றால் ராட்சதச் சக்கரம் சுற்றி மண்ணை வெட்டும் எந்திரம்தான் கண்ணில் வரும். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், அந்தச் சுரங்கத்தின் உயிர் பம்புகளில் இருக்கிறது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் மாபெரும் நீர்த்தேக்கம். அந்த நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டிருக்கிறது. மேலே மூடியிருக்கும் மண்ணை வெட்டி எடுத்த பிறகு அதைத் தடுக்க எடை கிடையாது. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறு போட்டு ராத்திரி பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை நிற்கும். இல்லாவிட்டால் தரை வெடித்துத் தண்ணீர் பொங்கிவிடும். மேலே காய்ந்த மண்ணில் நின்றுகொண்டு, கண்ணுக்குத் தெரியாத அடித்தண்ணீரைப் பற்றியே எட்டு மணி நேரம் யோசிப்பது அப்பாவின் உத்தியோகம்.

அதே புத்தியோடுதான் முயல் கூண்டுக்கும் உட்கார்ந்தார். நாங்கள் எல்லாரும் கூரையைப் பற்றியும் கதவைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, அவர் அடித்தளத்தைப் பற்றி மட்டும் பேசினார். மூத்திரம் எங்கே விழும், விழுந்தது எங்கே போகும், போகாமல் எங்கே தேங்கும். முழுக் கம்பி வலையில் விட்டால் எல்லாம் கீழே விழுந்துவிடும், வேலை மிச்சம் என்று பெரியப்பாவே சொன்னார். ஆனால் கனத்த முயல்களுக்குக் கம்பியில் நின்று நின்று பின்னங்காலின் அடிப்பாகம் மயிர் உதிர்ந்து புண்ணாகிவிடும். நாய் பூனைக்கு இருப்பதுபோல முயலின் பாதத்தில் மெத்தைச் சதை கிடையாது, மயிர்தான் மெத்தை. அதனால் மூன்றில் இரண்டு பங்கு பலகை, ஒரு பங்கு வலை என்று வைத்தார். பலகையின் மேல் விரிப்பு. வலைக்கு அடியில் லேசாகச் சாய்த்து வைத்த ஜி.ஐ. தகட்டுத் தட்டு. தட்டின் முனையில் ஓர் ஓட்டை, அதன் கீழே பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்.

மிஷா இரண்டே நாளில் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. முயல்கள் அப்படித்தான். கண்ட இடத்தில் மூத்திரம் போகாது, ஒரு மூலை என்று முடிவு செய்துவிட்டால் அங்கேதான். ஆனால் அது தேர்ந்தெடுத்த மூலை அப்பா போட்ட வலைப்பக்கம் இல்லை, பலகைப்பக்கம். அப்பா முயலோடு வாதாடவில்லை. பலகையைக் கழற்றி வலையை அந்த மூலைக்கு மாற்றினார். முயலை மாற்றுவதைவிடக் கூண்டை மாற்றுவது சுலபம் என்று அவருக்குச் சட்டென்று புரிந்தது எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது. முயல் வளர்க்கிற யாரைப் பார்த்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

விரிப்புக்கு என்ன போடுவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. முதலில் செய்தித்தாள். மை ஒட்டிக் காலெல்லாம் கறுத்தது. அதோடு மிஷா தலையங்கத்திலிருந்து வரி விளம்பரம் வரை கிழித்துத் தின்றது. அடுத்து தச்சுப் பட்டறையிலிருந்து இழைப்புளிச் சுருள். பார்க்க அழகாக இருக்கும், பஞ்சு மாதிரி கால் புதையும். ஆனால் எந்த மரத்தை இழைத்தது என்று நமக்குத் தெரியாது. வாசனை அடிக்கிற மரமாக இருந்தால் அந்த வாசனையே முயலின் மூச்சுக்கும் ஈரலுக்கும் ஆகாது. மூக்குக்கு நல்ல வாசனையாகப் படுவதெல்லாம் கூண்டுக்கு நல்லதில்லை. மரத்தூள் அதைவிட மோசம், நுண்ணிய பொடி கண்ணில் போய் விழுந்தது. நெல் உமியும் அப்படியே. உமி ஈரத்தை உறிஞ்சாது, கீழே வடியவிடும், முனை மட்டும் குத்தும்.

முந்திரித் தோடு போடலாமே என்று பண்ருட்டிப் பக்கமிருந்து வந்த ஒருவர் சொன்னார். அங்கே மலை மலையாகக் கிடக்கும். அந்தத் தோட்டில் இருக்கும் எண்ணெய் மனிதர் கையையே பொசுக்கிவிடும் என்று அம்மாதான் தடுத்தாள். அவள் பிறந்த ஊரில் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்து வளர்ந்தவள்.

கடைசியில் நிலைத்தது மல்லாட்டைத் தோல். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். விருத்தாசலம் பக்கத்து ஊர்களில் அறுவடையானதும் சாக்குக் கணக்கில் கிடைக்கும். காய்ந்த தோல் ஈரத்தை நன்றாக இழுக்கும், கால் நழுவாது, ஒன்றிரண்டைக் கடித்தாலும் கேடில்லை. ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும், பூஞ்சணம். கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளி விழுந்த தோலைக் கண்ணை மூடிக்கொண்டு தூர எறிந்துவிட வேண்டும். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைத் தின்றுவிடும். அம்மா ஒவ்வொரு சாக்கையும் முறத்தில் கொட்டிப் புடைத்து, சொத்தையைப் பொறுக்கி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்துத்தான் உள்ளே அனுப்பினாள். வாடை வந்தால் வெளியே போய்விடும் என்று சொன்னவள்தான் இவள்.

அடியில் மல்லாட்டைத் தோல், அதன் மேல் ஒரு கை வைக்கோல். மேலே இருப்பது கடிக்க, கீழே இருப்பது குடிக்க என்பாள் அக்கா.

பக்கத்து குவார்ட்டர்ஸ் மாமா உரத் தொழிற்சாலையில் இருந்தார். நெய்வேலியில் 1966இல் தொடங்கிய அந்த யூரியா ஆலை இப்போது இல்லை. நிலக்கரியை வாயுவாக்கி அதிலிருந்து அம்மோனியா, அம்மோனியாவிலிருந்து யூரியா என்று போட்ட திட்டம். ஒரு நாள் மாலை வேலியோரம் நின்று பேசிக்கொண்டிருந்தவர் மூக்கை உறிஞ்சினார். "எங்க பிளாண்ட்ல அம்மோனியாவ யூரியா ஆக்க எவ்வளவு சூடு, எவ்வளவு பிரஷர், எவ்வளவு ஆளுங்க. உங்க முயலு ஒத்தையா உக்காந்து யூரியாவ அம்மோனியா ஆக்கிட்டிருக்கு பாருங்க சார்" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் விளங்கியது. மூத்திரம் விழுந்த உடனே அவ்வளவாக நாறுவதில்லை. அதில் இருக்கும் யூரியாவை விரிப்பில் வாழும் பாக்டீரியா உடைக்கிறபோதுதான் அம்மோனியா கிளம்புகிறது. அதற்கு ஈரம் வேண்டும், சூடு வேண்டும், கொஞ்சம் நேரம் வேண்டும். மூன்றும் நெய்வேலியில் தாராளம். நேரம் ஒன்றைத்தான் நாம் கொடுக்காமல் இருக்க முடியும். அதனால்தான் வாரத்துக்கு ஒரு நாள் கூண்டு முழுக்கக் கழுவுவதைவிட, தினமும் ஈரமான அந்த மூலையை மட்டும் அள்ளிப்போடுவது மேல்.

எதிர்வீட்டுக்காரர் ஒருவர் சாம்பல் தூவச் சொன்னார். ஊரில் சாம்பலுக்குப் பஞ்சமா? ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பூச்சியும் வராது என்றார். அப்பாவும் சரி என்றுதான் இருந்தார். மாமாதான் நிறுத்தினார். வாயால் விளக்காமல், ஒரு காலி டால்டா டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். கூண்டு மூலையிலிருந்து ஈரமான வைக்கோல் ஒரு பிடி எடுத்து உள்ளே போட்டார். வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்திலிருந்து சாம்பல் அள்ளித் தூவி, குச்சியால் கிளறி, மூடி, வெயிலில் வைத்தார். வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்துவிட்டு டப்பாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். மூக்குக்குள் ஊசி ஏறிய மாதிரி இருந்தது, கண்ணில் நீர் கொட்டியது. சாம்பலில் சுண்ணாம்புச் சத்து, அது காரம். காரம் சேர்ந்தால் வைக்கோலில் அடங்கிக் கிடக்கும் அம்மோனியா முழுக்கக் காற்றுக்கு வந்துவிடும் என்றார். சுண்ணாம்புத் தூளும் அதே வேலையைத்தான் செய்யுமாம். பிளீச்சிங் பவுடரைப் பற்றி இன்னும் கடுமையாகச் சொன்னார். மூத்திர ஈரத்தின் மேல் அதைத் தூவினால் இரண்டும் சேர்ந்து வேறொரு நச்சு வாயு வரும், பிள்ளைகள் கையில் அந்த டப்பாவைக் கொடுக்கவே கூடாது என்றார். பினாயில் வேண்டாமென்று பெரியப்பா ஏற்கெனவே எழுதியிருந்தார். கடைசியில் மிஞ்சியது தண்ணீர், தென்னந்துடைப்பம், வெயில். கூடவே புளி.

புளி அம்மாவின் கண்டுபிடிப்பு. முயலின் மூத்திரத்தில் சுண்ணாம்பு மிக அதிகம். மற்ற பிராணிகளைப்போல வேண்டிய அளவு மட்டும் உடம்பில் எடுத்துக்கொள்ளாமல், தின்ற கீரையில் உள்ள கால்சியத்தில் பெரும்பங்கை உறிஞ்சி, மிச்சத்தை மூத்திரத்தோடு வெளியே தள்ளுகிறது. அதனால் தகட்டில் வெள்ளைப் படலம் கட்டும். நாள் போகப்போக ஓடு மாதிரி இறுகிவிடும், துடைப்பமும் சுரண்டியும் அதை ஒன்றும் செய்யாது. குழம்புக்குக் கரைத்து மிஞ்சிய புளிச் சக்கையை, பித்தளைக் குடம் தேய்க்க வைத்திருப்பாள் அல்லவா, அதை எடுத்துத் தட்டில் அப்பி வைத்தாள். நான் குனிந்து பார்த்தேன். வெள்ளைப் படலத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள். காதை வைத்தால் மெல்லிய சிர்ர் சத்தம் கூடக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தேங்காய் நாரால் தேய்த்தபோது ஓடு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வந்தது. சுண்ணாம்பைப் புளி கரைக்கிறது, அம்மோனியாவையும் அது அடக்குகிறது, சாம்பலுக்கு நேர் எதிர் வேலை என்று மாமா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கைதட்டாத குறையாகப் பாராட்டினார். அம்மா அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் தட்டை வெயிலில் சாய்த்து வைத்தாள்.

ஒரு காலை தட்டில் செக்கச் செவேலென்று இருந்தது. அக்கா அழத் தொடங்கிவிட்டாள். ரத்தமில்லை, தின்ற இலையின் சாயம் சில நாள் அப்படி இறங்கும் என்று பிறகு தெரிந்துகொண்டோம். இன்னொன்றும் விரிப்பை அள்ளுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ந்த உருண்டைப் புழுக்கை ஒன்று, சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி பளபளவென்று மெத்தென்று இருப்பது இன்னொன்று. இரண்டாவது கழிவே இல்லை. பெருங்குடலுக்கு முன்னால் உள்ள பையில் புளித்து, உயிர்ச்சத்து சேர்ந்து வருவது. முயல் அதைப் பின்பக்கத்திலிருந்து நேராக வாயால் எடுத்து விழுங்கிவிடும். அது விரிப்பில் நசுங்கிக் கிடந்தால் தீனியில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். பெரும்பாலும் யாரோ பிஸ்கட் கொடுத்திருப்பார்கள். கூண்டுத் தரையைப் பார்த்தே அந்த வாரம் தெருவில் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தார்கள் என்று அம்மா சொல்லிவிடுவாள்.

அப்பா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு சோதனை. மேலே பார்க்காதே, கையை அடியில் விடு. மேல் வைக்கோல் காலையில் போட்டபடி பொன்னிறமாகக் கிடக்கும். விரலை அதற்குள் செலுத்தி, தோலுக்கும் அடியில், பலகையைத் தொடும் வரை கொண்டுபோனால்தான் உண்மை தெரியும். பலகை சில்லென்று இருந்தால் விரிப்பு முடிந்தது என்று பொருள். எங்கள் மூக்கை நம்ப வேண்டாம் என்பார். நாம் நிற்கிற உயரத்தில் வாடை வருகிறபோது, அந்தப் பலகையோடு முகத்தை ஒட்டிப் படுத்திருக்கிற பிராணி அதை ராத்திரி முழுக்கச் சுவாசித்து முடித்திருக்கும்.

சித்திரை வெயிலில் வேலை வேறு மாதிரி. முயலுக்கு வேர்க்காது. காதுகளின் ரத்தக்குழாய் வழியாகத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்ற வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் பலாமர நிழலே அனல் அடிக்கும். ஈரச் சாக்கைக் கூண்டின் மேல் போடு என்று எல்லாரும் சொல்வார்கள். போட்டால் சாக்கு சொட்டி விரிப்பு நனையும். வெயிலிலிருந்து காப்பாற்றப்போய் ஈரத்தில் தள்ளிய கதையாகும். அப்பா சாக்கைக் கூண்டில் படாமல், ஒரு முழம் தள்ளி, காற்று வரும் திசையில் தட்டி மாதிரி கட்டினார். உள்ளே ஒரு மண்பானையைக் கவிழ்த்து வைத்தார். மிஷா மத்தியானம் முழுக்க அந்தப் பானையை ஒட்டி வயிற்றைப் பரப்பிக்கொண்டு கிடக்கும்.

ஆனால் உண்மையான சோதனை ஐப்பசி, கார்த்திகையில். வங்கக் கடலில் எது சுழன்றாலும் கடலூர் பக்கம் வந்து தலைகாட்டிவிட்டுத்தான் போகும். நாள்கணக்கில் வெயில் முகம் தெரியாது. வைக்கோல் முக்கிப்போகும், தோல் சாக்குக்குள்ளேயே பூக்கும். அந்த வருஷம் அடைமழையின் நடுவில் மிஷா தும்ம ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டு. பிறகு தீனியை விட்டுவிட்டுத் தும்மியது. குடையைப் பிடித்துக்கொண்டு, சாக்குப்பையில் சுற்றி, பஸ்ஸில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த டாக்டர் மாட்டு வைத்தியத்தில் ஊறியவர். முயலைப் பார்த்துச் சிரித்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே போனேன். அவர் மிஷாவின் மூக்கைப் பார்ப்பதற்கு முன்னால் முன்னங்கால்களைத் திருப்பிப் பார்த்தார். உட்பக்க மயிர் பிசுபிசுவென்று திரிதிரியாக ஒட்டியிருந்தது. மூக்கு ஒழுகும் முயல் கையால் துடைத்துத் துடைத்து அப்படி ஆகுமாம். மூக்கைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறவரை ஏமாற்றினாலும் கால் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். பிறகு அப்பாவிடம் கூண்டைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கே இருக்கிறது, அடியில் என்ன, எப்போது மாற்றினீர்கள், மாற்றியது காய்ந்ததா. மருந்து கொடுத்தார். பெனிசிலின் வகையை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடல் குலைந்து செத்துப்போகும், யார் சொன்னாலும் வீட்டில் இருப்பதைக் கரைத்து ஊற்றாதீர்கள் என்று எச்சரித்தார். கிளம்பும்போது, "மருந்து பாதி. மீதி நீங்க விரிக்கிற வைக்கோல்" என்றார். அம்மோனியா மூச்சுக்குழாயின் உள்தோலை அரித்துவிடுகிறது, அதன்பிறகு எந்தக் கிருமிக்கும் கதவு திறந்துதான் இருக்கும். குடலைத் தாக்கும் ரத்தக்கழிச்சல் கிருமியும் புழுக்கையில் வந்து, ஈர விரிப்பில் ஓரிரண்டு நாள் கிடந்து பழுத்த பிறகுதான் தொற்றும் வலு பெறும். அதைப் பினாயில் கொல்லாது. கொதிக்கிற தண்ணீரும் காய்ச்சலான வெயிலும் கொல்லும். அதற்கு முன்பே அள்ளிவிட்டால் கொல்லவே வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பின்வராந்தாவில் இருந்த அரிசி டிரம்மை நகர்த்தி இடம் பண்ணினாள். கூண்டு வீட்டுக்குள் வந்தது. ஊரில் அப்போது லெகோ கரி கிடைத்துக்கொண்டிருந்தது, நிலக்கரியைக் கட்டியாக்கிச் சுட்டது. புகை அதிகம் இருக்காது, கனன்றுகொண்டே இருக்கும். வெந்நீர் அடுப்பில் அதைப் போட்டு, காலையில் எல்லாரும் குளித்து முடித்ததும் அடுப்பைச் சுற்றி மல்லாட்டைத் தோலைத் தாம்பாளத்தில் பரப்பி வைத்துவிடுவாள். கையில் எடுத்து நெரித்தால் மொறுமொறுவென்று உடைய வேண்டும், அதுதான் அவள் கணக்கு. காலையும் மாலையும் மாற்றினோம். பழையதில் காய்ந்த பகுதியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் புதியதில் கலந்துவிடுவோம். தன் வாடை சுத்தமாக இல்லாத கூண்டில் முயல் நிலைகொள்ளாது, மூலையையும் மறந்துவிடும். மழை விட்டபோது மிஷாவின் தும்மலும் விட்டிருந்தது. முன்னங்கால் உட்பக்க மயிர் பழையபடி பொசுபொசுவென்று பிரிந்து நின்றது. நான் தினமும் அதைத்தான் முதலில் திருப்பிப் பார்த்தேன்.

அள்ளிய விரிப்பு எல்லாம் கனகாம்பரத்துக்கும் கொய்யாவுக்கும் போனது. முயல் புழுக்கையை மட்க வைக்காமல் நேராகவே செடிக்குப் போடலாம், வேரைச் சுடாது. பாட்டிலில் சேர்ந்த மூத்திரத்தை மட்டும் நிறையத் தண்ணீர் விட்டுத்தான் ஊற்ற வேண்டும். உரத் தொழிற்சாலை மாமாவின் வீட்டம்மாவே எங்கள் வீட்டுக்கு எரு கேட்டு வருவார்.

மிஷா வயதாகித்தான் போனது. அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடலூரில் குடியேறினோம். நெய்வேலியில் எல்லாருக்கும் அப்படித்தான், வேலை முடிந்தால் வீடும் முடியும். கூண்டை அடுத்து வந்த குடும்பத்திடம் கொடுத்துவிட்டோம். புறா வளர்க்கப்போவதாகச் சொன்னார்கள். அந்த முதல் தெர்மலும் 2020இல் நின்றுபோனது.

இப்போது தங்கை மகள் டொராண்டோவில் நிஜச் சின்சில்லா ஒன்று வளர்க்கிறாள். முயல் இல்லை, ஆண்டிஸ் மலைக்காரன். உள்ளங்கையில் வைத்தால் மேகத்தைத் தொட்ட மாதிரி இருக்கிறதாம். ஒரு மயிர்க்காலிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட மயிர்கள் கிளம்புமளவு அடர்த்தி. அந்த ரோமத்துக்காகவே வேட்டையாடி வேட்டையாடிக் காட்டில் அருகிவிட்டது. இன்று வீடுகளில் இருப்பவை பெரும்பாலும், 1923இல் சாப்மன் என்ற சுரங்கப் பொறியாளர் சிலியிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோன 11 சின்சில்லாக்களின் வழிவந்தவை என்று படித்தேன். சுரங்கத்துக்காரர் என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மழை அரிதான, குளிர்ந்த பாறைநாட்டுப் பிராணி அது. தண்ணீரில் குளிக்காது, நுண்ணிய எரிமலைப் புழுதியில் புரண்டு குளிக்கும். ரோமம் நனைந்தால் அவ்வளவு அடர்த்தியில் சீக்கிரம் உலராது, பூஞ்சணம் பிடித்துவிடும். 25 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறினால் தவிக்கும். நெய்வேலியில் நம்மால் முடியாத காரியம், ஆசைப்படவும் கூடாது.

அவள் கூண்டில் மெத்தைத் துணி விரித்திருக்கிறாள். வாசனை மரத்தின் சீவல் ஆகாது என்று அங்கேயும் சொல்கிறார்களாம். வீடியோவில் காட்டியபோது துணி புதுசு மாதிரி இருந்தது. வாடையே இல்லை தாத்தா என்றாள். அப்பா துணியைத் தூக்கச் சொன்னார். அது ஓடி விளையாடும் சக்கரத்துக்குக் கீழே, துணியின் அடிப்பக்கம் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக ஊறியிருந்தது, அதன் கீழே தட்டில் வெள்ளைப் படலம். துணிக்குள் உறிஞ்சுகிற அடுக்கு ஒன்று வைத்துத் தைக்கவும், அந்த மூலைக்கு மட்டும் தனியாக ஒரு துண்டு போட்டுத் தினமும் மாற்றவும் அவர் சொல்ல, அவள் எழுதிக்கொண்டாள். படலத்துக்கு என்ன செய்வது என்று கேட்டாள். புளி என்று அம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். அங்கே தமிழ்க் கடையில் கிடைக்கும், தட்டை வெளியே எடுத்துத்தான் தேய்க்க வேண்டும், நன்றாக அலச வேண்டும் என்றாள். ஈரம் துளிகூட இல்லாமல் காய்ந்த பிறகே உள்ளே வைக்க வேண்டும் என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். அங்கே பனிக்காலம். ஹீட்டர் பக்கத்தில் சாய்த்து வைத்துக் காயவைப்பதாகச் சொன்னாள், சரி என்றார்.